கலங்கிய தொட்டி

"மடகாஸ்கருக்கு நான் திரும்பிப் போக மாட்டேன், பப்பா" என்று மர்த் சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து போனதும், அவளுடைய அப்பா அல்பேர் மறு பேச்சுப் பேசாமல் "சரி, உன் இஷ்டம்" என்று சொன்னதும் போன வாரம் நடந்தவை. அவ்வளவு சுலபமாக அவர் விட்டுக்கொடுத்ததை நம்ப முடியாமல் பார்த்தவள் இளைய மகள் சூசான் மட்டும்தான்.

அல்பேர் சைகோன் கோர்ட்டில் உத்தியோகம் பார்த்துவிட்டு வந்து, மிஷன் தெருவுக்குப் பின்னால் சொந்த வீட்டில் பென்ஷனில் இருப்பவர். மனைவி இறந்து வெகு காலமாகிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோவில் வாசலில் நிற்கும்போதெல்லாம், "பெரிய பொண்ணு எப்ப புருஷன்கிட்ட போவுது முசியே?" என்று யாராவது கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லிச் சொல்லி அவருக்கு அலுத்துப்போயிருந்தது.

மர்த்துக்கோ வேறு கணக்கு. அவளுடைய தலைப்பிள்ளையை மடகாஸ்கரில் ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, அங்கேயே ஒரு மேட்டில் அடக்கம் செய்துவிட்டு வந்தவள் அவள். அப்போது வயிற்றில் இருந்தவள் ரோசா. இன்னும் நாலு வயது நிறையவில்லை. கஜானா உத்தியோகத்தை விட்டு வர முடியாத கணவன் அர்மான், தன் மகளின் முகத்தை இன்னும் பார்த்ததில்லை.

இன்றைக்கு வியாழக்கிழமை. தை மாதத்துக் காலை.

சூசான் விடிந்ததிலிருந்து கொல்லைப்புறத் தொட்டியருகே இருந்தாள். தரைக்குள் ஆழமாகத் தோண்டிக் கட்டி, மேலே முழங்கால் உயரத்துக்கு மட்டும் சுவர் எழுப்பிய பெரிய சிமெண்டுத் தொட்டி அது. ஒரு காலத்தில் துணி துவைக்கக் கட்டியது. இப்போது ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் தண்ணீருக்கடியில் தோட்டம். ஊசுட்டேரியிலிருந்து கொண்டுவந்த வேலம்பாசி ஒரு பக்கம் புதராக நின்றது. நடுவில் நாடா போல நீண்ட இலைகள் மேலே வந்து மடங்கிக் கிடந்தன. வெள்ளைக்காரத் தெருக்களில் கண்ணாடித் தொட்டி வைத்திருக்கும் வீடுகளுக்கெல்லாம் செடி போவது இங்கிருந்துதான்.

நிழல் விழும் வடக்கு மூலையில், மூன்று மண்சட்டிகளில் இருந்தது லேஸ் செடி.

ரோசா பிறக்கும் முன்பு அர்மான் கடைசியாக லீவில் வந்தபோது, ஈரப்பாசியில் சுற்றிக் கொழுந்தியாளுக்கென்று கொண்டுவந்து கொடுத்த கிழங்குகள் அவை. இலையில் சதை என்பதே கிடையாது. நரம்பு மட்டும்தான், கன்னியாஸ்திரீ மடத்துப் பெண்கள் பின்னுகிற லேஸ் மாதிரி. வெயில் பட்டால் கறுக்கும். சுண்ணாம்புத் தண்ணீர் பட்டால் கரையும். நூல்பாசி ஏறிவிட்டால் ஒவ்வொரு ஓட்டையாக மெல்லிய பிரஷ்ஷால் துடைக்க வேண்டும். ஒரு வருஷம் இலையெல்லாம் உதிர்ந்து மொட்டைக் கிழங்காகக் கிடந்தது. செத்துப்போச்சு, தூக்கிப் போடு என்றார்கள் வீட்டில். சூசான் போடவில்லை. அது தூங்குகிறது என்றாள். தூங்கித்தான் எழுந்தது.

இன்று காலை முதல் தடவையாகப் பூத்திருந்தது. தண்ணீருக்கு மேலே ஒரு தண்டு, அதன் நுனியில் இரண்டாகப் பிரிந்த வெள்ளைப் பூ. விதை பிடித்தால் இந்த ஊரிலேயே புதுக் கன்றுகள் முளைக்கும்.

"சித்தி, மீனுக்கு வெயில் அடிக்குது" என்றாள் ரோசா, சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு.

"அதுக்குத்தான் செடி இருக்கே. அதுங்க அடியில போயி ஒளிஞ்சிக்கும்."

"எல்லா மீனும் ஒளியலயே."

மர்த் கோவிலுக்குப் போயிருந்தாள். அல்பேர் பத்திரிகையோடு கொல்லைப்புற நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வழக்கத்துக்கு மாறாகக் காலையிலேயே முகச்சவரம் செய்து, காலர் மாட்டியிருந்தார்.

"மழத்தண்ணி கொஞ்சம் எடுத்து ஊத்தணும் பப்பா. முன்கட்டு ஜாடியிலேர்ந்து வடிகட்டி எடுத்தாறேன். இவள பாத்துக்கறீங்களா?"

"போ போ. நான் பாத்துக்கறேன். அவசரமில்ல, மெதுவா வா."

சேமித்து வைத்த மழைத்தண்ணீரைத் துணியில் வடிகட்டி எடுப்பது சட்டென்று முடிகிற வேலையில்லை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் திரும்பி வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. பத்திரிகை கீழே கிடந்தது.

"ரோசா?"

பதில் இல்லை. அல்பேர் உள்ளேயிருந்து வந்தார்.

"ரோசா எங்க பப்பா?"

"இங்கதானே இருந்தா? வாசப்பக்கம் போயிருப்பா. போயி தெருவுல பாரு."

சூசான் தெருப் பக்கம் திரும்பியவள், தொட்டியை ஒரு தடவை பார்த்தாள்.

வேலம்பாசிக்கு மேலே, குப்புறக் கவிழ்ந்து, ரோசாவின் வைக்கோல் தொப்பி மிதந்துகொண்டிருந்தது.

குடம் கீழே விழுந்து உடைந்த சத்தம் அவள் காதில் விழவில்லை. சுவரைத் தாண்டித் தண்ணீரில் குதித்திருந்தாள். நெஞ்சளவுத் தண்ணீர். அவள் கால் பட்டதும் அடிச்சேறு புகை மாதிரி எழும்பியது. ஒரு நொடிக்கு முன் மீனின் கண் வரைக்கும் தெரிந்த தண்ணீரில் இப்போது தன் கை கூட அவளுக்குத் தெரியவில்லை.

"ரோசா! ரோசா!"

மூழ்கினாள். நாடா இலைகள் கழுத்தைச் சுற்றின. கைக்கு வந்ததைக் கொத்தாகப் பிடுங்கி வெளியே எறிந்தாள். மறுபடி மூழ்கினாள். வேலம்பாசிப் புதருக்குள் கைவிட்டு வேரோடு இழுத்தாள். புதருக்கடியில் உருண்டையாக, மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. தூக்கினால், பாசி படர்ந்த மண்சட்டி.

சமையல்காரி சின்னப்பாப்பா ஓடிவந்து தொப்பியைப் பார்த்தாள். "ஐயோ மாதாவே!" என்று தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அல்பேர் படியில் நின்றார். தொப்பியை அவரும் அப்போதுதான் பார்த்தார்.

"அதுல... அதுல இருக்காது சூசான். ஏறி வா."

அப்பா நல்ல வார்த்தை சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு சூசான் மறுபடி மூழ்கினாள்.

அந்த நேரத்தில்தான் மர்த் பூசைப் புத்தகத்தோடு உள்ளே வந்தாள். தொட்டிக்கரை முழுக்கச் சிதறிக் கிடந்த செடிகளை, அழுகிற சின்னப்பாப்பாவை, ஒதுங்கி மிதந்த தொப்பியை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவள் கத்தவில்லை. செருப்பைக் கூடக் கழற்றாமல் தண்ணீருக்குள் இறங்கினாள்.

அக்காளும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. ஒருத்தி கிழக்கு முனையிலிருந்து, ஒருத்தி மேற்கு முனையிலிருந்து, தரையைக் காலால் துழாவிக்கொண்டு வந்தார்கள். வடக்கு மூலைக்குப் போனபோது சூசான் ஒரு கணமும் தயங்கவில்லை. லேஸ் செடியின் இலைகள் ஈர அப்பளம் போல அவள் விரல்களுக்கிடையே நொறுங்கின. சட்டிகளைத் தூக்கி வெளியே வீசினாள். பூத்தண்டு எங்கே போனது என்று தெரியவில்லை.

எவ்வளவு நேரமாயிற்றோ. தொட்டியில் ஒரு செடி பாக்கியில்லை. நடுவில் சகோதரிகள் இருவரின் கைகளும் சேற்றுக்கடியில் ஒன்றையொன்று தொட்டன.

குழந்தை அங்கே இல்லை.

"இல்லடி" என்றாள் மர்த். "இல்ல. தண்ணியில இல்ல." பல் கிட்டிப்போய், வார்த்தை சரியாக வரவில்லை. "அப்ப எங்கடி என் புள்ள?"

கொல்லைக் கதவை யாரோ தட்டினார்கள்.

பின் சந்தில் ஆட்களை ஏற்றிப் புஷ் வண்டி தள்ளுகிற கலியபெருமாள்தான். கையில் ரோசாவின் துணிப் பொம்மை. உள்ளே கண்ட காட்சியில் அவன் நின்றுவிட்டான்.

"பாப்பா இத வண்டியிலயே வுட்டுடுச்சிம்மா. அழுவுமேன்னு திருப்பி எடுத்தாந்தேன்... இன்னாம்மா ஆச்சி?"

மர்த் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "பாப்பா உன் வண்டியில வந்துச்சா?"

"ஆமாம்மா."

"எங்க எறக்கி வுட்ட?"

"கப்பல் பாலத்தாண்ட. வெள்ள கோட்டு போட்ட ஒரு தொர மடியில உக்காந்து சிரிச்சிக்கினேதான் வந்துச்சி." பேசிக்கொண்டே படிப்பக்கம் பார்த்தவனுக்குத் தைரியம் வந்தது. "ஐயாவ கேளுங்களேன். ஐயாதான பாப்பாவ தூக்கி அவரு மடியில உக்கார வெச்சாரு."

எல்லோரும் அல்பேரைப் பார்த்தார்கள்.

அவர் காலருக்குள் விரலை விட்டுத் தளர்த்தினார்.

"அவ அப்பன்கூடத்தான் போயிருக்கா" என்றார். "அர்மான் வந்துருக்கான். முந்தாநாளே வந்துட்டான். ஓட்டல்ல தங்கியிருந்தான். இன்னிக்கு மத்தியானம் கப்பல். கொழும்பு போயி மாறிப் போவணும்." பிறகு குரலை உயர்த்தினார். "நான் வேற எப்பிடி செய்யறது? சொல்லிப் பாத்தேன், கேக்கல. புள்ள முன்னால போனா தாய் பின்னால போவான்னு நெனச்சேன். இதுல என்ன பாவம்?"

மர்த் தொட்டியிலிருந்து ஏறினாள். நனைந்த புடவையைப் பிழியக்கூட இல்லை. "பாலத்துக்கு வுடு" என்று கலியபெருமாளிடம் சொல்லிக்கொண்டே கதவைத் தாண்டினாள்.

சூசான் மட்டும் தண்ணீரிலேயே நின்றாள்.

"பப்பா, நான் எறங்கும்போது நீங்க பாத்துக்கினு நின்னீங்க."

"அதுல இருக்காதுன்னு சொன்னனே."

"சொன்னீங்க. ஏன்னு சொல்லல." அவள் குரல் நடுங்கவில்லை, அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது. "அக்காவும் எறங்கிச்சி. அப்பவும் நின்னீங்க. ஒரு புள்ளைய மண்ணுல வெச்சிட்டு வந்தவ, இன்னொரு புள்ளைய தண்ணியில தேடுனா. ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதுமே!"

அல்பேர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். சூசான் அக்காளின் பின்னால் ஓடினாள்.

வண்டி பெரிய வாய்க்காலைத் தாண்டி வெள்ளைக்காரத் தெருக்களுக்குள் போனபோது, கலியபெருமாள் பின்னால் இருந்து தள்ளிக்கொண்டே ஓடினான். சேறு சொட்டும் புடவைகளோடு இரண்டு பெண்கள் போவதைச் சன்னல்களிலிருந்து சிலர் எட்டிப் பார்த்தார்கள். மர்த் பொம்மையை நெஞ்சோடு வைத்திருந்தாள்.

கப்பல் தொலைவில் புகைவிட்டுக்கொண்டு நின்றது. கடலுக்குள் நீண்டிருந்த இரும்புப் பாலத்தின் முனையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகப் படகுகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அங்கே ஒரு பெட்டியின் மேல் ரோசா உட்கார்ந்திருந்தாள். அவளுடைய சின்னக் காலணியின் வாரைக் குனிந்து மாட்டிவிட்டுக்கொண்டிருந்தவன் அர்மான். முன்னைக்கு இளைத்திருந்தான். காதோரம் நரைத்திருந்தது.

நிமிர்ந்தவன் மர்த்தைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் கள்ளம் இல்லை.

"வந்துட்டியா மர்த்! பெட்டியெல்லாம் பின்னால வருதா?"

மர்த் குழந்தையை வாரி எடுத்தாள். தலை, முகம், கை, கால் என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

அர்மானின் சிரிப்பு மெல்லக் கலைந்தது. மனைவியின் தலையில் ஒட்டியிருந்த பாசியையும், உடம்பெல்லாம் சேறாக நின்ற கொழுந்தியாளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்ன இது? என்ன ஆச்சு சூசான்?"

"அக்கா வர்றேன்னு உங்ககிட்ட யார் சொன்னது அத்தான்?"

"மாமாதான். சம்மதிச்சிட்டா, ஆனா உன்ன வீட்டுல பாத்தா மறுபடி அழுவா, அதனால பின்சந்துல வண்டியோட நில்லு, புள்ளைய முதல்ல குடுத்தனுப்பறேன், அவ பெட்டியோட பாலத்துக்கு வருவான்னு சொன்னாரு. மூணு பேருக்கும் டிக்கெட் எடுத்துட்டேன்." அவன் மர்த் பக்கம் திரும்பினான். "நீ சம்மதிக்கலயா?"

"நீங்க ஊருல இருக்கீங்கன்னே எனக்குத் தெரியாது."

"ரோசாவ காணலன்னு தொட்டியில தேடினோம் அத்தான்" என்றாள் சூசான். "அவ தொப்பி தண்ணியில கெடந்துச்சி."

"தொட்டியிலயா?" என்றான் அர்மான்.

தன் கையால் ஒரு பிள்ளைக்குக் குழி தோண்டி மண் போட்டவன் அவன். மர்த்தின் முகத்தைப் பார்த்ததும், அவள் தண்ணீருக்கடியில் எதைத் தேடினாள் என்பது முழுதும் அவனுக்கு விளங்கியது. அந்தப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்தான்.

ரோசா அம்மாவின் தோளிலிருந்து எட்டிப் பார்த்தாள். "மீனுக்கு வெயில் அடிச்சிது சித்தி. அதான் என் தொப்பிய குடுத்துட்டேன்."

சூசான் சிரிக்கப் போனாள். அது அழுகையாக வந்தது.

கீழே இருந்து படகுக்காரன் குரல் கொடுத்தான். அர்மானின் பெரிய பெட்டிகள் ஏற்கெனவே படகில் இருந்தன.

"நீங்க போங்க" என்றாள் மர்த், கணவனைப் பார்த்து. "உத்தியோகம் இருக்கு. நான் தடுக்கல. ஆனா புள்ள வராது. நானும் வரமாட்டேன். உங்க மேல கோவம் இல்ல. அந்த மண்ணுல இன்னொரு தடவ கால் வைக்க என்னால ஆவாது, அவ்வளவுதான்." குழந்தையை அவன் பக்கம் நீட்டினாள். "போறதுக்கு முன்னால ஒரு தடவ இவள தூக்கிக்குங்க."

அர்மான் எழுந்து குழந்தையை வாங்கிக்கொண்டான். ரோசா உரிமையோடு அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். படகுக்காரன் மறுபடி கூப்பிட்டான். அர்மான் அந்தப் பக்கம் பார்த்தான், கப்பலைப் பார்த்தான்.

"படகு போவட்டும்" என்றான்.

"பெட்டியெல்லாம் அதுல இருக்கே!"

"போவட்டும்."

"வேல போயிடுமே" என்றாள் மர்த், தன்னை அறியாமல்.

"போனா பாத்துக்கலாம். ஏமாத்தி அனுப்புன புள்ளைய ஏந்திக்கினு கப்பல் ஏறப் பாத்தேன். அத தெரிஞ்சிக்கினு எப்படி ஏறுவேன்? என் முகத்த நீ பாப்பியா அப்பறம்?"

நால்வரும் நடந்தே திரும்பினார்கள். வெறும் வண்டியைத் தள்ளிக்கொண்டு கலியபெருமாள் பின்னால் வந்தான். ரோசா மட்டும் கடைசி வரைக்கும் கப்பலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

வீட்டு வாசலுக்கு வந்ததும் மர்த் நின்றுவிட்டாள்.

"அவரு இருக்கற வீட்டுக்குள்ள நான் கால் வைக்க மாட்டேன்."

அர்மானும் நின்றான். "மாமா வந்து கூப்புடாம நானும் உள்ள வரமாட்டேன். திருடன் மாதிரி பின்சந்துல நின்னது போதும். எனக்கும் அவரு பதில் சொல்லணும்."

தெருவில் போகிறவர்கள் ஒவ்வொருவராக நின்று பார்க்கத் தொடங்கினார்கள். சூசான் மட்டும் உள்ளே போனாள். கூடத்தில் யாரும் இல்லை. சமையலறை வாசலில் சின்னப்பாப்பா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்புறத்தைக் கைகாட்டினாள்.

அல்பேர் தொட்டிக்குள் நின்றார்.

காலரோடு, கோட்டோடு, நெஞ்சுவரை சேற்றுத் தண்ணீரில். கரையில் கிடந்த செடிகளில் கைக்கு அகப்பட்டதை எடுத்து, ஒரு சட்டியில் மண்ணோடு திணித்து, தண்ணீருக்குள் இறக்கிக்கொண்டிருந்தார். விட்டதும் செடி கழன்று மேலே மிதந்து வந்தது. அதையே பிடித்து மறுபடி திணித்தார். வேர் மேலேயும் இலை கீழேயுமாக இருந்தது.

தன் அப்பா குனிந்து சூசான் பார்த்ததில்லை.

நிழல் விழவும் அவர் நிமிர்ந்தார். கண்ணாடியெல்லாம் சேறு.

"கப்பல் போயிடுச்சா?" என்றார்.

அதைத்தான் முதலில் கேட்டார்.

சூசான் தொட்டிச் சுவர் அருகே போய் நின்றாள். கை கொடுத்துத் தூக்கிவிடலாம். ஆனால் கொடுக்கவில்லை.

"போயிருக்கும். அத்தான் போவல."

அவர் கையிலிருந்த சட்டி நழுவி உள்ளே போயிற்று.

"மூணு பேரும் வாசல்ல நிக்கிறாங்க பப்பா. தெருவே பாத்துக்கினு நிக்கிது. நீங்க போயி கூப்புட்டாத்தான் அத்தான் உள்ள வருவாரு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "நீங்க வெளிய போனாத்தான் அக்கா உள்ள வரும்."

அல்பேர் வாசல் பக்கம் திரும்பினார். ரோசாவின் குரல் அங்கிருந்து கேட்டது, "தாத்தா எங்க?" என்று. அவர் இரண்டு கைகளாலும் தொட்டிச் சுவரைப் பிடித்தார். ஏறுவதற்கா, விழாமல் நிற்பதற்கா என்று சூசானுக்குத் தெரியவில்லை.